கண்டக்டர் சொல்லாத பெயர்

மில் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து தையல்காரி "நூறாயுசு" என்பாள். அவள் மெஷினை மிதிக்க ஆரம்பித்தால் இந்தப் பக்கம் அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுக்கும். ரகசியம் பேச வேண்டியவர்கள் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவார்கள். அப்படிப்பட்ட தெருவில், பொழுது புலரும் நேரத்தில், கண்டக்டர் அந்தப் பெயரை உரக்கச் சொன்னார். அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

ஹாஸ்டலக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து அவர் வாயைக் கையால் பொத்தினாள்.

"மெதுவாங்க, மெதுவா. ஸ்பூன் எதுக்குக் குடுத்திருக்கேன்? தம்ளர்ல தட்டுங்கன்னு சொன்னேன்ல? தட்டினா வர்றேன். அந்தப் பேரைச் சொன்னா நான் வரமாட்டேன், ஆமா."

கண்டக்டர் இடது கையால் ஸ்பூனைத் துழாவினார். அது கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்தது. அவர் அதைக் கண்ணால் காட்டி, அவள் விரல்களுக்கு நடுவே, மன்னிப்புக் கேட்கிற குரலில் மறுபடி அதே பெயரைச் சொன்னார். மன்னிப்புக் கேட்பதற்கும் அவரிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் சட்டென்று நின்றது.

தெருவில் எல்லாரும் அவளை ஹாஸ்டலக்கா என்பார்கள். பல்கலைக்கழக விடுதியின் சமையற்கட்டில் அவளுக்கு வேலை. கண்டக்டருக்கு மட்டும் அவள் 'ஜன்னல்'. கல்யாணத்துக்கு முன்னால் அவருடைய பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுவாள். கோட்டு போட்ட ஒரு பெரிய மனிதரிடம், "நான் முதல்ல உக்காந்தேன், எந்திரிக்க மாட்டேன்" என்று அவள் மல்லுக்கு நின்றதைப் பார்த்துத்தான் தன் மனசு போனது என்று அவர் கேட்காதவர்களிடமெல்லாம் சொல்வார். "ஏ ஜன்னலு, டீ கொண்டா." "ஜன்னலு, என் சட்டையை எங்க வச்சே?" கடைசி எழுத்தில் எப்போதும் ஒரு இழுப்பு இருக்கும். "போலாம் ரைட்" சொல்லிச் சொல்லிப் பழகிய இழுப்பு அது. அவள் பிறந்தபோது வைத்த பெயரை ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்தால் அவளுக்கே யாரோ மாதிரி இருக்கும்.

அந்த 'ஜன்னலு'வை இன்னும் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். இப்போது அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெயர் பல்கலைக்கழகத்தின் பெயர். அதற்கு முன்னால் அது ஒரு மனிதரின் பெயர், மில் முதலாளியின் பெயர். இந்தக் கதையில் அதை எழுத வேண்டாம். ஒரு மனுஷன் ஆயுள் முழுக்க வாயில் பூட்டி வைத்திருந்ததை நாம் எதற்கு அவிழ்க்க வேண்டும்?

இன்றைக்குப் பல்கலைக்கழகம் இருக்கிற இடத்தில்தான் மில் இருந்தது. நூல் சுற்றும் பிரிவில் முழுக்கப் பெண்கள். நூல்கண்டை மடியில் ஒளித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, வேலை முடிகிறவரை கதவை வெளியிலிருந்து பூட்டி வைக்கச் சொன்னார் முதலாளி. தீப்பிடித்த அன்றும் அது பூட்டித்தான் இருந்தது. கண்டக்டர் அப்போது அரைக்கால் சட்டை போட்ட பையன். அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோனவன் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றான். அந்தப் பக்கத்திலிருந்து அம்மா அவனைக் கூப்பிட்டாள். சாவி ஆபீஸில் இருந்தது, ஆபீஸ் மைதானத்துக்கு அந்தக் கோடியில் இருந்தது. இதற்குமேல் அவர் யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் அவள் முகத்தைப் பார்க்காமல்.

முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வழக்கை இழுத்து இழுத்து ஆறப்போட்டார்கள். வயசான காலத்தில் மனிதர் மில் நிலத்தையெல்லாம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அரசாங்கம் அங்கே பல்கலைக்கழகத்தைக் கட்டி, வாசல் வளைவில் அவர் பெயரை ஆளுயர எழுத்தில் பொறித்தது. செத்துப்போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் அங்கே இடம் கிடைத்தது. படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், சில பேர் கடல் தாண்டியும் போனார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

கூத்தைப் பாருங்கள், கண்டக்டருக்கு வாய்த்த ரூட்டின் கடைசி நிறுத்தம் அந்த வாசல்தான். மற்ற கண்டக்டர்கள் பெயரைக் கூவி ஆள் ஏற்றுவார்கள். இவர், "கடைசி, கடைசி! படிக்கிறவங்க, பாடம் நடத்துறவங்க, படிச்சு முடிச்சும் வெளிய போகாதவங்க எல்லாம் ஏறுங்க!" என்பார். யாராவது பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால், "கடைசிக்கா?" என்று கேட்டுத்தான் கிழிப்பார். மாணவர்கள் அவருக்குக் 'கடைசி அண்ணன்' என்றே பட்டம் கட்டிவிட்டார்கள். நிறுத்தத்தின் பெயரை அறிவிக்க மறுக்கிறார் என்று ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் எழுதிப்போட, மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

"சார், அதுக்கு மேல பஸ்ஸு போகாது. கடைசின்னா கடைசிதானே? நான் சொல்றதுல ஏதாச்சும் பொய் இருக்கா?"

அதிகாரி சிரித்துவிட்டார். கண்டக்டர் அப்படியே காலத்தை ஓட்டி, அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டார்.

வம்பு மகளால் வந்தது. அவள் அங்கேதான் படித்தாள், அங்கேயே நூலகத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்ற வேண்டும் என்று முதலில் பேசத் தொடங்கிய நாலைந்து பேரில் அவளும் ஒருத்தி. பேச்சு கூட்டமானது, கூட்டம் ஊர்வலமானது. மாற்றக் கூடாது என்றும் ஒரு கூட்டம் கிளம்பியது. பட்டம் வாங்கி எங்கெங்கோ இருப்பவர்கள், "எங்க படிப்புக்கே இருக்கிற பேரை எடுத்தா நாங்க யாரு?" என்று கேட்டார்கள். கடைசியில் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு போட்டது. யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம்.

"அப்பா, நீங்க வந்து பேசணும். கதவுக்கு வெளிய நின்னவங்கள்ல உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்."

"பேசறேன். அந்த ஆளுதான் பூட்டச் சொன்னான்னு சொல்றேன்."

"அந்த ஆளுன்னா எப்படிப்பா எழுதிக்குவாங்க? பேரைச் சொல்லணும். இன்னாரு பேரை எடுங்கன்னு கேக்கணும்."

"பேரைச் சொல்லாமலே எடுக்க முடியாதா?"

"ஒரே ஒரு தடவைப்பா. வாயைத் தொறந்து ஒரு தடவை சொல்லிடுங்க. அப்புறம் இந்த ஊர்ல யாருமே அதைச் சொல்ல வேண்டியிருக்காது."

கண்டக்டர் பழகிப் பார்த்தார். முகம் மழிக்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைத் திறப்பார், மூடிவிடுவார். "என்னங்க இது, முதல் நாள் பள்ளிக்கூடம் போற புள்ள மாதிரி" என்று ஹாஸ்டலக்கா கேலி செய்வாள். ஒரு காலையில், கன்னத்தில் பாதி சோப்பு நுரையோடு, அவர் சொல்லியேவிட்டார். தெளிவாக, முழுசாகச் சொன்னார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அடேயப்பா, சொல்லிட்டாரே என்று எட்டிப் பார்த்தாள். அவர் மறுபடியும் சொன்னார். மறுபடியும் சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சுவரைப் பிடிக்கப்போன வலது கை வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். "சில பேருக்கு இப்படி ஒரே ஒரு வார்த்தை மட்டும் நின்னுடும்மா. நாம பேசறது புரியும். அவர் நெனைக்கிறதும் சரியா இருக்கும். வாய் தொறந்தா அது ஒண்ணுதான் வரும்."

"வேற வார்த்தையே கிடைக்கலியா அதுக்கு?" என்றாள் ஹாஸ்டலக்கா.

"எது நிக்கும்னு யாருக்கும் தெரியாதும்மா. அந்த நேரத்துல நாக்குல எது இருந்துச்சோ அதுன்னு சொல்றவங்களும் உண்டு."

மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள் அப்பாவின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. அவருக்கு நகம் வெட்டுவாள், கால் அமுக்கிவிடுவாள், தலையைக் குனிந்துகொண்டே எல்லாம் செய்வாள்.

தண்ணீர் கேட்ட அன்று காலை தையல்காரி வந்து வாசலில் நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. உள்ளே வரவில்லை. முன்பெல்லாம் கேட்காமல் வந்து அடுப்படியில் உட்காருகிறவள்தான். அவள் அம்மாவும் கண்டக்டரின் அம்மாவும் மில்லில் பக்கத்துப் பக்கத்து இயந்திரம். தீயின்போது தையல்காரி தொட்டில் குழந்தை.

"அக்கா, தப்பா நெனைக்காதே."

"உள்ள வாடி. ஏன் வெளிய நிக்கிறே?"

"வேணாம். நான் ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். ராத்திரி பகல்னு பாக்காம அது காதுல விழுது. எங்கம்மா மொகம்கூட எனக்குத் தெரியாது. அவளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது அந்தப் பேரு ஒண்ணுதான், அவன் கொன்னான்கிறது ஒண்ணுதான். அதையே சுவத்துக்குப் பக்கத்துல சொல்லிட்டே இருந்தா நான் எப்படி ஊசி கோக்கறது?"

"வேணும்னா சொல்றாரு? நீ பாத்துட்டுதானே இருக்கே?"

"வேணும்னு இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன செய்யறது? காதுக்குத் தெரிய மாட்டேங்குதே." தையல்காரி நாடாவை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "வேற வீடு பாத்துட்டுப் போயிடலாமான்னு நெனச்சேன். எங்க போறது?"

 ஹாஸ்டலக்காவுக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. "அலமாரியை இழுத்து அந்தச் சுவர்ல சாத்தறேன். கொஞ்சம் சத்தம் கம்மியாகும்" என்றாள். சொன்னபடி அன்றே செய்தாள். தனியாளாக இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

விடுதிச் சமையற்கட்டில் அன்று உருளைக்கிழங்கு முறை. மூட்டையை அவிழ்த்துத் தொட்டியில் கொட்டி, மண் போக அலசி, வேகவைத்து, சுடச்சுட உரிக்க வேண்டும். ஆறினால் தோல் வராது. விரல் நுனியெல்லாம் சிவந்துவிடும். உரிக்கிற பெண்கள் சூட்டை மறக்க வாயை ஓயவிட மாட்டார்கள். இப்போதெல்லாம் பேச்சு முழுக்கப் பெயரைப் பற்றித்தான்.

"மாத்தினா நம்ம சட்டையில இருக்கிற பேட்ஜையும் மாத்துவாங்களா?"

"புதுச் சட்டையே குடுத்தாலும் குடுப்பாங்க. அதுக்காகவாச்சும் மாத்தட்டும்."

"ஏன்டி, எந்தப் பேரா இருந்தா என்ன? கிழங்கு சூடு கொறையப் போகுதா?"

சிரித்தார்கள். பிறகு ஹாஸ்டலக்கா இருப்பது நினைவுக்கு வந்து, ஒருத்தி மற்றவளை முழங்கையால் இடித்தாள். ஹாஸ்டலக்கா கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. தன் வீட்டில் யாராவது சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் டிரைவர் வந்தார். கண்டக்டரோடு ஒரே பஸ்ஸில் ஓடியவர், வயசில் சின்னவர், இன்னும் அந்த ரூட்டில்தான் ஓட்டுகிறார். வரும்போதெல்லாம் பழைய விசில் ஒன்றைக் கொண்டுவந்து கண்டக்டர் வாயில் வைத்துப் பார்ப்பார். கோணிய வாயின் ஓரத்தில் காற்று போய்விடும். விசில் ஊதாது.

"அண்ணே, நீங்க ஊதினாத்தானே நான் வண்டியை எடுக்க முடியும்? இப்படியே ஸ்டாண்டுலயே நிக்கிறதா?"

கண்டக்டர் பாதி வாயால் சிரித்து அந்தப் பெயரைச் சொன்னார். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாஸ்டலக்காவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணி, விசாரணைக்கு அண்ணனைக் கூட்டிட்டுப் போகணுமா? பாப்பா அவரு சொல்ல நெனச்சதை எழுதி வச்சிருக்கு. அதுவே படிக்கட்டும். இவரு வாயைத் தொறந்தா அந்தப் பக்கத்துக்காரங்க கொண்டாடிடுவாங்க."

"நானும் அதைத்தான் சொல்றேன். அவரு கேக்கணுமே."

"உங்களுக்கு இதுல என்ன தோணுது? மாத்தணுமா, வேணாமா?"

ஹாஸ்டலக்கா கட்டிலுக்கு அடியில் கிடந்த ஸ்பூனை எடுத்துத் துடைத்தாள். "அவங்கம்மாவுக்காக மாத்தணும்தான். ஆனா எனக்கு அதுல மனசு ஒட்டலை தம்பி. போர்டுல இருக்கிறதை எடுத்துடலாம். இவரு வாயில இருக்கிறதை எந்தக் குழு எடுக்கும்?"

கட்டிலில் இருந்தவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து, சுவரைப் பிடித்து, வலது காலை இழுத்துக்கொண்டு அலமாரிக்குப் போனார். உள்ளேயிருந்து தேய்த்து மடித்த காக்கிச் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

டிரைவர் போன பிறகு ஹாஸ்டலக்கா வழக்கம்போல் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பயிற்சிக்காரப் பெண் சொல்லிக்கொடுத்தபடி அவர் உள்ளங்கையை எடுத்துக் கம்பியில் வைத்தாள்.

"இது என்ன? ஜ... ஜன்... சொல்லுங்க. ஜன்னல்."

அவர் கம்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உதடுகள் குவிந்தன, நாக்கு எங்கேயோ போய்த் தேடியது, நெற்றியில் வேர்த்தது. வெளியே வந்தது அந்தப் பெயர்தான். ஆனால் கடைசி எழுத்தில் ஒரு இழுப்பு இருந்தது. அவள் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"வேணாம். அந்தப் பேருல என்னைக் கூப்பிடாதீங்க. உங்க வாயாலயா? வேணாங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

விசாரணை பல்கலைக்கழகத்தின் பெரிய அரங்கில் நடந்தது. மேடையில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இடப்பக்க நாற்காலிகளில் மாற்ற வேண்டும் என்பவர்கள், வலப்பக்கம் கூடாது என்பவர்கள். மில் தெரு முழுக்க இடப்பக்கம் இருந்தது. தையல்காரி மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

வலப்பக்கத்திலிருந்து ஒரு முதியவர் பேசினார். "எங்கப்பா மூட்டை தூக்கினவர். இந்தப் பேரு போட்ட பட்டத்தைத்தான் அவர் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. அந்தப் பேரை நீங்க எடுத்தா, அவரு எதைக் கண்ணுல ஒத்திக்கிட்டாருன்னு நான் நெனைக்கிறது?"  கெட்ட மனிதர் இல்லை என்று ஹாஸ்டலக்காவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவளுக்குச் சங்கடமாகவும் இருந்தது.

மகள் எழுந்து, அப்பா சொல்ல நினைத்ததைப் படித்தாள். பூட்டிய கதவு, சாப்பாட்டுத் தூக்கு, ஆபீஸில் இருந்த சாவி. அம்மா கூப்பிட்ட இடம் வந்ததும் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி படித்தாள். 

"இவர்தான் அவரா?" என்றார் நீதிபதி அம்மா. குரலில் கனிவு இருந்தது. "ஐயா, நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

மகள் "வேணாம்மா, அவரால..." என்பதற்குள் கண்டக்டர் தடியை ஊன்றி எழுந்துவிட்டார். காக்கிச் சட்டையின் பொத்தான்களை ஹாஸ்டலக்கா காலையில் கழுத்துவரை போட்டுவிட்டிருந்தாள். அவர் மேடையைப் பார்த்தார். பஸ்ஸில் ஆட்களை எண்ணுகிற மாதிரி அரங்கம் முழுவதையும் ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, அந்தப் பெயரைச் சொன்னார்.

வலப்பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஒருவர் கைதட்டினார். கண்டக்டர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, இன்னும் பலமாகச் சொன்னார். தடியால் தரையைத் தட்டிச் சொன்னார். கதவைக் காட்டினார், தன் மார்பைக் காட்டினார், மேலே காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அதையே சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்தார். நீளமாக, வரிசையாக, நடந்தது எல்லாவற்றையும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது ஹாஸ்டலக்காவுக்குத் தெரிந்தது. கேட்டவர்களுக்கு ஒரு பெயர் திரும்பத் திரும்ப விழுந்தது.

மகள் காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். ஹாஸ்டலக்கா போய் அவர் தோளைப் பிடித்தாள். "போதுங்க. சொல்லிட்டீங்க. வாங்க."

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "சிரிக்கிறவங்க கொஞ்சம் நிறுத்தறீங்களா?" தையல்காரி எழுந்து நின்றாள். "அவரு எங்க தெரு. பஸ்ஸுல ஒரு நாள்கூட அந்தப் பேரைச் சொல்லாத மனுஷன். இப்ப வேற பேச்சு வராம போச்சு. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கைதட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அப்பா, மாத்திட்டாங்க! ஊர்ப் பேரையே வைக்கிறாங்களாம். கதவு இருந்த எடத்துல ஒரு கல்லு நடறாங்களாம். அப்பா, கேக்குதா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்டக்டரின் கண் நிறைந்தது. இடது கையை மகள் தலையில் வைத்து, சந்தோஷமாக, மனசு நிறைந்து, அந்தப் பெயரைச் சொன்னார்.

மகள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். ஹாஸ்டலக்கா பின்னால் போனபோது அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நான் சொல்லச் சொல்லித்தானேம்மா? ஒரே ஒரு தடவைன்னு நான்தானேம்மா சொன்னேன்?"

இல்லை என்று சொல்லிவிட ஹாஸ்டலக்காவுக்கு வாய் வரை வந்தது. பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லச் சொன்னது. ஆனால் பொய் சொன்னால் இவளுக்குத் தெரிந்துவிடும். "ஆமா, நீதான் சொல்லச் சொன்னே. அவரும் சொல்லணும்னுதான் நின்னாரு. கட்டாயப்படுத்தியா கண்ணாடி முன்னால நிறுத்தினே? அழு. அழுதுட்டு வா. அவருக்கு மேல் துடைக்கணும், எனக்கு இடுப்பு முடியலை."

கல் நடுகிற அன்று மில் தெரு முழுக்கக் கிளம்பியது. டிரைவர் ஓட்டிய பஸ்ஸிலேயே போனார்கள். தையல்காரி, கேட்காமலே, கண்டக்டரின் காக்கிச் சட்டையில் தேய்ந்துபோன காலரைத் திருப்பித் தைத்துக் கொடுத்திருந்தாள். ஜன்னலோர சீட்டில் அவரை உட்காரவைத்து ஹாஸ்டலக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ்ஸின் நெற்றியில் புதுப் பெயர். இளம் கண்டக்டர் ஒருவன் அதைப் பழக்கமில்லாத வாயால் கூவி ஆள் ஏற்றினான். கடைசி நிறுத்தத்தில் வாசல் வளைவுக்கு மேலே புது எழுத்துகள் இருந்தன. அதற்கு அடியில், பழைய எழுத்துகளைப் பிடுங்கிய ஓட்டைகளை அடைத்த சிமெண்ட் இன்னும் காயாமல் திட்டுத்திட்டாக இருந்தது.

நல்ல கூட்டம். மாணவ மாணவிகள், தெருக்காரர்கள், பேச வந்தவர்கள். மரத்தடியில் அவரை நிறுத்தி, "அசையாதீங்க, தண்ணி பிடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலக்கா குழாயைத் தேடிப் போனாள். ஸ்பூனும் தம்ளரும் வீட்டில் இருந்தன. குழாயடியில் வரிசை நீளம். அவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தபோது கூட்டம் கல்லை நோக்கி நகர்ந்தது. மரத்தடியில் நின்றவரையும் தள்ளிக்கொண்டு போனது.

கல்லுக்குப் பக்கத்தில், கதவு இருந்த இடத்தில், கண்டக்டர் தனியாக நின்றார். சுற்றிலும் தெரியாத முகங்கள். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கூப்பிட்டார்.

கூட்டம் ஒரு நொடி அப்படியே நின்றது. அந்த இடத்தில், அந்த நாளில், அந்தப் பெயர்.

"யாருங்க அது?" என்றது ஒரு குரல். "எங்க வந்து எதைச் சொல்றாரு பாரு" என்றது இன்னொன்று.

ஒரு மாணவி அவருக்கு அருகில் வந்தாள். சட்டையில் புதுப் பெயர் போட்ட பேட்ஜ் குத்தியிருந்தாள். நல்ல பெண், மெதுவாகத்தான் சொன்னாள்.

"தாத்தா, அந்தப் பேரை எடுத்தாச்சு தாத்தா. அவரு ரொம்பப் பேரைக் கொன்னவரு. இனிமே அதைச் சொல்லக் கூடாது, என்ன?"

கண்டக்டர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றார். ஆமாம் என்பதற்கும் அவரிடம் அதுதான் இருந்தது. மாணவி பின்வாங்கினாள். அவர் கழுத்தை நீட்டிக் கூட்டத்துக்கு மேலே பார்த்து, பயந்துபோய், இன்னும் உரக்கக் கூப்பிட்டார்.

குழாயடியில் ஹாஸ்டலக்காவுக்கு அது கேட்டது. கடைசி எழுத்தில் அந்த இழுப்பு. அவ்வளவு பெரிய கூட்டத்தில் அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை, எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருக்காரர்கள் இருந்தார்கள், தையல்காரி இருந்தாள், மகள் மேடையோரம் வெளுத்துப்போய் நின்றாள்.

ஹாஸ்டலக்கா பாட்டிலைத் தூக்கிப் பிடித்தாள்.

"இதோ!" என்று கத்தினாள். "இதோ, இங்கதாங்க இருக்கேன்! வந்துட்டேன்!"

அந்தப் பெயருக்குப் பதில் சொன்னவள் யாரென்று எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீர் சிந்தச் சிந்த, பிடித்துக்கொண்ட இடுப்போடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.